எட்டு இல்லாத விளைச்சல்

சித்தூர்,
16-4-2000, ஞாயிறு

அன்புள்ள தமிழரசு அவர்களுக்கு,

தாட்சாயணி எழுதுவது. நான் நலம். ஊரில் மாமாவும் அத்தையும் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய தைலத்தை அவர் இன்னும் திறக்கவில்லை. மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியது என்று வருகிறவர்களுக்கெல்லாம் அட்டைப்பெட்டியோடு காட்டிக்கொண்டிருக்கிறார். நியூ ஜெர்சியில் குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் போன வாரம் ஹாஸ்டலுக்கு வந்தது. உறையின் பின்புறம் உங்கள் பெயரில் ஆங்கில எழுத்து ஒன்று கூடியிருந்தது. கை தவறி எழுதியது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சந்தேகம் வந்து, பழைய பெயரின் எழுத்துகளுக்கு எண் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். எட்டு வந்தது. புரிந்துவிட்டது. திருப்பதியில் நாம் எம்.எஸ்சி. படித்தபோது, ஹால் டிக்கெட் எண் எட்டில் முடிகிறது என்று திருச்சானூருக்கு நடந்தே போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தவர் நீங்கள். நிகழ்தகவுப் பாடத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவரும் நீங்கள்தான். இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு விமானமும் ஏறிவிட்டீர்கள். கடல் தாண்டினால் சனி பகவான் பின்னால் வரமாட்டார் என்று நினைத்தேன். அவருக்கும் விசா கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

கேட்டிருக்கும் காரியத்துக்கு வருகிறேன். வேலை இல்லாமல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள், ஆறு பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம், எங்கே போனாலும் அனுபவம் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ‘நம்ம ப்ரோக்ராமை’ ஃப்ளாப்பியில் ஏற்றி, அடுத்த மாதம் அங்கே வரும் உங்கள் நண்பர் திலீப்பிடம் கொடுத்தனுப்ப வேண்டும். அதை வடிவமைத்தவர் நீங்கள் என்று நம் புள்ளியியல் ஆபீஸ் தாளில் மேலதிகாரி ரமணா சாரிடம் ஒரு சான்றும் வாங்கி அனுப்ப வேண்டும்.

அந்த ‘நம்ம’ என்ற சொல்லை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். தமிழில் ‘நம்ம’ வேறு, ‘எங்க’ வேறு. தெலுங்கிலும் அப்படித்தான். கேட்கிறவளையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வது ‘நம்ம’. அங்கே கொடுக்கப்போகும் பயோடேட்டாவில் அது ‘என்’ ஆகியிருக்கும் என்று ஊகிக்கிறேன். என் நினைவில் இருப்பதைச் சொல்கிறேன். ஒரு வருடம் சாயங்காலங்களில் உட்கார்ந்து ஃபாக்ஸ்ப்ரோவில் அதை எழுதியவள் நான். நீங்கள் ஒருநாள் பின்னால் வந்து நின்று, கோப்பின் பெயரில் எட்டு எழுத்து இருக்கிறது, ஒன்றைக் குறைத்துவிடு என்றீர்கள். குறைத்தேன். உங்கள் பங்கு அந்தக் குறைந்துபோன எழுத்து. சான்றில் அதை எப்படிக் குறிப்பிடுவது என்று தெரியவில்லை.

ஆபீஸ் உங்களுக்கு மறந்திருக்காது. கம்ப்யூட்டர் அறைக்கு இன்னும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். போன ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் மானிட்டரின் நெற்றியில் அப்படியே இருக்கிறது. ஏ.சி. உள்ள ஒரே அறை என்பதால் ரமணா சாரின் தயிர்ச் சாதமும் அங்கேதான் குடியிருக்கிறது. வாரத்தில் பாதி நாள் இங்கே புள்ளியியல் நடப்பதில்லை, தரிசனம்தான் நடக்கிறது. ஐதராபாத்திலிருந்து யாராவது ஓர் அதிகாரி ஆய்வுக்கு வருவார். ஆய்வு எப்போதும் திருப்பதியில். சித்தூரில் இருக்கும் கணக்கை எந்த அதிகாரியும் சித்தூருக்கு வந்து பார்த்ததில்லை. அவருக்கு, அவர் மாமனாருக்கு, மச்சினிக்கு என்று மலைமேல் அறை கேட்டு ரமணா சார் போனில் அலறிக்கொண்டிருப்பார். மாவட்டத்தின் சராசரி விளைச்சலைக் கேட்டால் அவர் கோப்பைத் தேடுவார். எந்த அதிகாரி வீட்டுக்கு எத்தனை லட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

முன்பெல்லாம் பயிர் அறுவடைப் பரிசோதனைப் படிவங்கள் மூட்டையாக வந்ததும், கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஆறு பேர் வாரக்கணக்கில் தட்டுவார்கள். அந்தப் பரிசோதனை உங்களுக்கு மறந்திருக்கலாம், நினைவுபடுத்துகிறேன். ரேண்டம் எண் அட்டவணையைப் பார்த்து ஒரு நிலத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே விளைந்ததைப் பிடுங்கி, எடை போட்டு, படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெயிலில் நிற்க வேண்டும். அதை வைத்துத்தான் எந்த மண்டலத்தில் விளைந்தது, எந்த மண்டலத்தில் காய்ந்தது என்று அரசாங்கம் முடிவு செய்கிறது. இப்போது எண்களை உள்ளே போட்டால் ஒரு மணி நேரத்தில் மாவட்டமே அச்சாகி வருகிறது. வேலை மிச்சமான ஆறு பேரையும் ரமணா சார் லட்டுப் பக்கம் அனுப்பிவிட்டார்.

இப்போது அதில் சின்னதாக ஒன்று சேர்த்திருக்கிறேன். தட்டச்சுப் பிழையைப் பிடிக்கத்தான் ஆரம்பித்தேன். எடையில் கிலோவுக்குப் பின்னால் வரும் இலக்கங்களில் எந்த எண் எவ்வளவு வருகிறது என்று மண்டலவாரியாக எண்ணச் சொன்னேன். நிஜமாகத் தராசில் வைத்து எழுதினால் எல்லா எண்ணும் ஏறக்குறையச் சமமாக வரும். சைபரும் ஐந்தும் மட்டும் சோம்பலால் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஆனால் சில மண்டலங்களில் ஏழு காணாமல் போயிருந்தது. ஒன்றிரண்டு குறைவு என்றால் விட்டுவிடலாம். அடியோடு இல்லை.

சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல் ரமணா சாரிடம் கேட்டேன். அவர் தயிர்ச் சாதத்திலிருந்து தலையைத் தூக்காமல், “ஏடுன்னா தெலுங்குல ஏழு, அழுகைக்கும் அதே சொல்லுதான் அம்மாயி. எங்க ஊர்ல நெல்லு அளக்கறவன்கூட ஆறுக்கு அப்புறம் ஆறுன்னொக்கட்டி, ஆறும் ஒண்ணும்னுதான் சொல்லுவான். ஏடுன்னு வாயத் தொறக்க மாட்டான். சொந்தக் கையால எவன் எழுதுவான்?” என்றார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. எடை போட்டவனுக்கு எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. தராசு ஏழு காட்டினால் அழுதுகொண்டாவது ஏழு எழுத வேண்டும். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குத்தான் பிடிக்காத எண்ணை விட்டுவிட முடியும். ஏழு இல்லாத கட்டுகளெல்லாம் நிலத்துக்கே போகாத தெலுங்குக் கைகள் எழுதியவை. எட்டு இல்லாத கட்டுகளும் இருக்கும் என்று அப்போதே தோன்றியது. நம் தமிழ் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா. எட்டாம் தேதி பால் காய்ச்சாதவர்கள்.

எல்லா மண்டலங்களுக்கும் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. இந்த வாரம் தரிசனம் அதிகம், மின்சாரம் குறைவு. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். கருவு மண்டலம் என்று இங்கே சொல்லும் வறட்சிப் பட்டியலில் நம் மண்டலம் இல்லை. சுற்றிலும் எல்லா மண்டலமும் இருக்கிறது. மேகம் எல்லையில் நின்று நமக்கு மட்டும் பெய்துவிட்டுப் போனதுபோல் நம் வேர்க்கடலை விளைச்சல் அச்சாகியிருக்கிறது. பட்டியலில் இல்லாததால் பாதி விலையில் விதைக்காய் கிடையாது, மாட்டுக்குத் தீவனம் கிடையாது, சாலை வேலையும் கிடையாது. உங்கள் பக்கத்து வீட்டுச் செங்கம்மா விதைக்கு வைத்திருந்த காயை வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டதாக அத்தை சொன்னார். பெங்களூர் கட்டட வேலைக்கு மேஸ்திரி ஆள் எடுக்க வந்திருக்கிறானாம்.

ஃப்ளாப்பியைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன். மெயில் ஐடி எடுத்துக்கொள் என்கிறீர்கள். அதற்குத் திருப்பதிக்குப் போய், கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து, பின்னால் நிற்கிறவன் படிக்கப் படிக்க எழுத வேண்டும். தபால் எனக்குப் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தாட்சாயணி


சித்தூர்,
14-5-2000, ஞாயிறு

அன்புள்ள தமிழரசு அவர்களுக்கு,

நலம். நலமாக இருப்பீர்கள். மாங்காய் லாரிகள் ஊருக்குள் வரிசை கட்டி நிற்கின்றன. கூழ் ஆலைகளிலிருந்து வரும் நெடியில் தலையணைகூட மாம்பழமாக நாறுகிறது. அத்தை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார். திலீப் எடுத்துப்போக மறுத்துவிட்டார். சூட்கேசில் ஒழுகிவிடுமாம்.

ஃப்ளாப்பியைத் திலீப்பிடம் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே அது உங்கள் கையில் இருக்கும். கீழே எழுதப்போவதற்கு அது விலை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். படித்துப் பார்த்தால் புரியும்படிதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை படித்தாவது பாருங்கள். சான்று என்னால் முடியாது.

நம் மண்டலத்தை ஓட்டிப் பார்த்தேன். போன ஆண்டு முங்காரி என்னும் மழைக்காலப் பருவம், வேர்க்கடலை, பரிசோதனை அலுவலர் தமிழரசு. ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எல்லா எண்ணும் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன, ஓர் எண்ணைத் தவிர. கிலோவில் இல்லை, கிராமில் இல்லை, ஈர எடையில் இல்லை, காய்ந்த எடையில் இல்லை. ஒரு பருவம் முழுக்க, எத்தனையோ நிலங்களில், எந்தத் தராசும் ஒரு தடவைகூட எட்டு காட்டவில்லை. ப்ரோக்ராமில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைக்க விரும்பினேன் என்பதே சரி. படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து எப்போதும்போல் அழகாக இருந்தது. எந்தத் தாளிலும் ஒரு மண் கறை இல்லை. கயிறு கட்டி அளந்தவன் தாள் அப்படி இருக்காது.

அந்த அழகில் ஒரு தாள் என்னை நிறுத்தியது. ரேண்டம் எண் விழுந்த நிலங்களில் ஒன்று உங்கள் அப்பாவுடையது. நம் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவர் பெயரில் பட்டா எழுதப்பட்ட மேட்டு நிலம். அதில் நல்ல சராசரிக்கும் சற்று மேலான விளைச்சல் எழுதியிருக்கிறீர்கள். மகனின் பாசம் என்று எடுத்துக்கொள்வதா?

பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். மாமா நிலத்தில்தான் இருந்தார். “இன்னாம்மா தாட்சாயணி, ஆபீஸ் லீவா? காஞ்ச நெலத்த இன்னாத்துக்குப் பாத்துக்கினு நிக்கற?” என்று சிரித்தார். போன அறுவடைக்குத் தமிழரசு வந்து அளந்தாரா என்று சாதாரணமாகக் கேட்டேன். “அவன் எங்க வந்தான். கம்ப்யூட்டர் பரிச்சைன்னு ஐதராபாத்துல குந்திக்கினு இருந்தான். அளக்கறதுக்கு இங்க இன்னா கீது? ஒரு செடியப் புடுங்கினா ரெண்டு காய், அதுவும் பொக்கு. மல்லாட்டை போதும்னு மாட்ட அவுத்து உட்டுட்டேன், அதாவது துன்னட்டும்னு,” என்றார். சொல்லிவிட்டு, பட்டியலில் இருந்து நம் மண்டலத்தை எடுத்தவன் எவனோ, அவன் கை விளங்காமல் போகட்டும் என்றார்.

அவரிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

பரவாயில்லை, உங்கள் வீட்டில் யாரும் பட்டினி இல்லை. நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே அனுப்புவது வருகிறது. ஆனால் செங்கம்மா பிள்ளைகளின் பள்ளிப் பையில் பாத்திரங்களைக் கட்டி வைத்திருந்தாள். “எங்க ஊர்ல நல்லா வெளஞ்சுதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாமே. வெளஞ்சத எந்தப் பக்கம் தூக்கினு போனாங்கன்னு அதையே கொஞ்சம் கேட்டுச் சொல்லு,” என்றாள். தெருவே சிரித்தது. எனக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது. நீங்கள் பேர் எடுக்கக் கேட்கும் ப்ரோக்ராம்தான் உங்கள் பொய்யைக் கூட்டி, வகுத்து, தசமத்துக்கு இரண்டு இடம்வரை சுத்தமாக அச்சடித்துத் தந்தது. கையால் எழுதியிருந்தால் யாராவது ஒருவன் சந்தேகப்பட்டிருப்பான். அச்சில் வந்ததால் கும்பிட்டுவிட்டார்கள்.

ரமணா சாரிடம் பேர் சொல்லாமல் பேசிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் தேவுடு வந்தாலும் மாறாது என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, கையெழுத்துப் போட்டவனே தப்பு என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். ஜூன் நடுவில் பட்டியலைத் திருத்தும் கூட்டம். வழக்கம்போல் திருப்பதியில். அதற்குள் திருத்தினால் மழைக்கு முன்னால் விதைக்காய் வந்துவிடும். விட்டால் அடுத்த வருடம்தான்.

நான் கேட்பது ஒரு பக்கம். ‘இந்தப் பரிசோதனைகளை நான் நேரில் செய்யவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நீங்கள் விட்டுப்போன வேலை. யாரும் உங்களை மெமோ கொடுத்துத் துரத்த நியூ ஜெர்சிக்கு வரப்போவதில்லை. அங்கே யாராவது விசாரித்தால் என்ன ஆகும் என்று பயப்படுவீர்கள். பயப்படத்தான் வேண்டும். அந்தப் பயத்தை ஒரு பக்கத்திலும் இந்த ஊரை மறுபக்கத்திலும் வைத்துப் பாருங்கள். எடை போடுவது உங்களுக்குப் பழக்கமில்லை என்று தெரியும். ஒரு தடவை முயன்று பாருங்கள்.

அத்தை உங்கள் பேச்சு எடுத்தாலே தை மாதம் கல்யாணம் என்கிறார். நான் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

கடிதத்தை எதிர்பார்க்கும்,
தாட்சாயணி


சித்தூர்,
25-6-2000, ஞாயிறு

அன்புள்ள தமிழரசு அவர்களுக்கு,

கூரியரில் வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இவ்வளவு கனமாக இருக்கிறதே, ஒரு பக்கத்துக்கு இத்தனை அட்டையா என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பிரிக்காமல் வைத்திருந்தேன். உங்களைத் தவறாக எடை போட்டுவிட்டேனோ என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு பிரித்தேன்.

ஆபீசுக்கு நீங்கள் எழுதியிருக்கும் ஆங்கிலக் கடிதம் நன்றாக இருக்கிறது. பிழை இல்லை. கள ஆய்வுகளைத் தாங்கள் உரிய முறையில் முடித்துக் கொடுத்ததாகவும், ப்ரோக்ராம் அதற்கு முந்தைய ஆண்டின் கோப்பைத் திறந்துகொண்டு பழைய விளைச்சலையே அச்சடித்துவிட்டதாகவும், இதை வெளிநாட்டில் இருந்தபடியே தாங்கள் கண்டுபிடித்ததாகவும் அதில் இருக்கிறது. கூடவே, மண்டலம் முழுவதற்கும் அசல் படிவங்களின் நகல்கள் என்று புதிதாக எழுதிய ஒரு கட்டு. வேலையை விடும்போது வெற்றுப் படிவங்களையும் எடுத்துப் போயிருக்கிறீர்கள். அனுபவத்துக்கு ஆதாரமாக வைத்திருந்திருப்பீர்கள். உதவியிருக்கிறது.

எனக்கென்று தனியாக எழுதியிருந்த நாலு வரியில், ‘உன் ப்ரோக்ராம் மேல் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை’ என்கிறீர்கள். ஏப்ரலில் நம்ம ப்ரோக்ராம். ஜூனில் உன் ப்ரோக்ராம். இலக்கணம் உங்களுக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று எனக்குத் தெரியாது.

கட்டைக் கிழித்துப் போடுவதா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். கூட்டத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. உங்களிடம் மறுபடி கேட்டால் பதில் வருவதற்குள் மழை வந்துவிடும். இத்தனை வருடம் நான் படித்த புத்தகங்களில் இந்த மாதிரி இடத்துக்கு வரும் பெண்கள் உண்மையைச் சொல்லிவிட்டு எங்கேயாவது போய்விடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் விதைக்காய்க்குக் காத்திருக்கும் ஊர் இருந்ததாக எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. கட்டை எடுத்துக்கொண்டு போய் ரமணா சார் மேசையில் வைத்தேன்.

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “மனுஷன் மேல தப்புன்னா என்கொயரி, ஃபைலு, தலைநோவு. மிஷின் மேலன்னா ஒரு லைன்ல போச்சு. தமிழரசு பங்காரம் அம்மாயி,” என்றார். நீங்கள் தங்கமாம். ப்ரோக்ராம் எழுதியவள் என்ற முறையில் கோளாறுக்கு நான் பொறுப்பேற்று எழுதித் தர வேண்டும் என்றார். எழுதினேன். அன்று சனிக்கிழமை, பதினேழாம் தேதி. தேதியைப் பார்த்ததும் அவருக்கு ஏழு உறுத்தியது, பதினாறு என்று போடச் சொன்னார். உங்களுக்காக நான் கூட்டியும் பார்த்தேன், எட்டு வந்தது. இரண்டு மொழிக்கும் ஆகாத தேதி. மாற்ற மாட்டேன் என்று சொல்லிப் பதினேழு என்றே போட்டேன். அந்தக் கட்டில் நிஜமான எண் அது ஒன்றுதான்.

திருப்பதிக் கூட்டம் அன்று மத்தியானமே முடிந்துவிட்டது. ஐதராபாத் அதிகாரி தரிசனம் முடித்து, நெற்றியில் நாமத்தோடு வந்திருந்தார். கம்ப்யூட்டர் தவறு என்றதும் எல்லோரும் பெருமையாகச் சிரித்தார்கள், தாங்கள் எப்போதோ சொன்னது பலித்ததுபோல. நம் மண்டலம் பட்டியலில் சேர்ந்துவிட்டது. விதைக்காய் லாரிக்கு உத்தரவும் ஆகிவிட்டது. இது நடந்ததற்கு நீங்களும் ஒரு காரணம் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. நேராக ஒரு பக்கம் எழுதப் பயந்து ஒரு மண்டலத்தையே மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். உழைப்புதான்.

எனக்குக் கவனக்குறைவு என்று ஒரு மெமோ. ப்ரோக்ராமை அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். அந்த ஆறு பேரையும் லட்டிலிருந்து கால்குலேட்டருக்குத் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்மேல் அவர்களுக்குக் கோபம். கம்ப்யூட்டருக்கு உறை போட்டாகிவிட்டது. ஏ.சி. மட்டும் தயிருக்காக ஓடுகிறது. இப்போது உலகத்தில் அந்த ப்ரோக்ராம் இருக்கும் ஒரே இடம் உங்கள் ஃப்ளாப்பி. ஆக, அது உங்களுடையதுதான். பயோடேட்டாவில் தைரியமாகப் போட்டுக்கொள்ளலாம்.

நேற்று ஊருக்குப் போய்விட்டு இன்று காலைதான் திரும்பினேன். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. எல்லை மண்டலத்துச் செய்தி எப்போதும் அப்படித்தான், கொஞ்சம் உருமாறி. மாமா, “உன் மிசின் ஊரையே கவுக்கப் பாத்துச்சே தாட்சாயணி. எங்க தமிழு அம்மாந்தூரத்துலருந்து கண்டுபுடிச்சான் பாரு,” என்றார். திட்டவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். பெங்களூருக்குப் போன செங்கம்மா, லாரி வருகிறது என்று கேட்டுப் பிள்ளைகளோடு வந்து இறங்கியிருக்கிறாள். “படிச்ச பொண்ணுன்னுதான் பேரு. அத்த நம்பிக்கினு இருந்தா நாங்க சிமிட்டி துன்னுக்கினு கெடந்திருப்போம்,” என்றாள். அவள் மகள் பள்ளிப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அதில் பாத்திரம் இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இதுக்கெல்லாம் மனச உட்டுடாத. தையில அவன் வந்து தாலி கட்டிட்டா நீ இன்னாத்துக்கு மிசினக் கட்டிக்கினு அழப்போற?” என்றார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். தை மாதம் நடக்காது என்று நீங்களே அவருக்கு எழுதிவிடுங்கள். காரணம் வேண்டுமென்றால் என் ப்ரோக்ராமையே சொல்லிக்கொள்ளலாம். அதற்கு இப்போது எதையும் தாங்கிப் பழகிவிட்டது. உங்கள் அப்பாவிடம் மட்டும் உண்மையை எழுதிவிட வேண்டாம். எப்போதாவது மனம் இளகி எழுதத் தோன்றினால்கூட வேண்டாம். அவர் திறக்காத தைலம் அப்படியே இருக்கட்டும்.

ஒன்று சொல்லாமல் முடிக்க முடியவில்லை. மேசையில் வைப்பதற்கு முன்னால் உங்கள் புதுக் கட்டையும் எண்ணிப் பார்த்தேன். ப்ரோக்ராமை அழிக்கும் முன் அதில் ஓட்டிய கடைசி வேலை அதுதான். விளைச்சல் குறைந்திருக்கிறது, சரியாகத்தான் குறைத்திருக்கிறீர்கள். உங்கள் அப்பாவின் நிலத்தில்கூட மாடு தின்ற மாதிரியே எழுதியிருக்கிறீர்கள். ஏழு இருக்கிறது, ஒன்பது இருக்கிறது. எட்டு இல்லை.

அங்கே நன்றாக இருங்கள். பெஞ்சிலிருந்து எழுந்து நல்ல வேலையில் அமர வேண்டும், குளிருக்கு முன்னால் நல்ல வீடு கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இதை நான் வெறும் வார்த்தைக்கு எழுதவில்லை. ஐப்பசியில் மாமா கடலை பிடுங்குவார். அவர் நிலத்துக்கு எண் விழுந்தால் கயிற்றையும் தராசையும் எடுத்துக்கொண்டு நானே போவேன். உங்களுக்கும் என்றாவது ஒருநாள் எதையாவது நிஜமாக எடை போட்டு எழுத நேரும். அப்போது எட்டு வந்தால், தயவுசெய்து எட்டு என்றே எழுதுங்கள்.

தாட்சாயணி